காலி இடத்தைக் கணினி நிரப்பட்டும்: எங்கள் விளையாட்டை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசியச் சர்வர்களை நடத்தும் குழுவினருக்கு,

போன வாரம் நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்தேன். அடுத்த அப்டேட்டில் வரும் ஐந்து டஞ்சன்களிலும் (நான்கு பேர் அணியாகப் போய் முடிக்க வேண்டிய சண்டைக் களங்கள்) கணினிக் கூட்டாளிகளை, அதாவது மனிதர்களுக்குப் பதில் கணினியே ஆட்டுவிக்கும் துணைப் பாத்திரங்களை, கூட்டிக்கொண்டு போக முடியாது. பழைய டஞ்சன்களுக்குக் கூட்டிப் போகலாம், ஆனால் கிடைப்பது பாதிப் பரிசு. மனிதர்கள் மனிதர்களோடு சேர்ந்து ஆட வேண்டும் என்பதற்காக இந்த மாற்றம் என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள்.

நான்கு வருடமாகச் சந்தா கட்டி ஆடுகிறேன். நீங்கள் சொல்லும் காரணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்காக நீங்கள் எடுத்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. இது என்னைப் போன்றவர்களை மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது. விளையாட்டை விட்டே வெளியே தள்ளும்.

என் வீடு திருச்சியில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால், பூஜை அறையில் இருந்த சின்னப் பித்தளை மணியை இடது கையால் எடுத்து ஆட்டுவார். பகலில் நான் அலுவலகம் போகும்போது சித்தி வந்து பார்த்துக்கொள்கிறார். ராத்திரி சாப்பாடு, மாத்திரை, அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் முடிந்து நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது மணி 11 ஆகியிருக்கும். அப்போது சிங்கப்பூரில் 1.30, ஜப்பானில் 2.30. உங்கள் ஆசியச் சர்வரில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் தூங்கப் போயிருப்பார்கள். நான் வில்லாளியாக ஆரம்பித்தவள். டேமேஜ் கொடுக்கிற, அதாவது எதிரியைத் தாக்குகிற வேலைக்கு எப்போதுமே ஆட்கள் அதிகம், அதனால் அணி கிடைக்கக் காத்திருக்கும் க்யூவும் நீளம். 40 நிமிடம், 50 நிமிடம் வெறும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த இரவுகள் நிறைய.

அப்படி ஒரு நாள் 45 நிமிடம் காத்திருந்து ஒரு பார்ட்டி (அணி) கிடைத்தது. டஞ்சனின் கடைசிப் பெரிய எதிரியான பாஸ் பாதி உயிரில் இருக்கும்போது மணி அடித்தது. ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பாவுக்கு இருமலில் புரையேறியிருந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தடவி, சட்டை மாற்றி, மறுபடி படுக்கவைத்துவிட்டு வந்தபோது 20 நிமிடம் போயிருந்தது. பார்ட்டியிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். இன்னும் அரை மணி நேரத்துக்கு க்யூ போட முடியாது என்று உங்கள் எச்சரிக்கை திரையில் நின்றது. அதற்குக் கீழே, பார்ட்டியில் இருந்த ஒருவர் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஆட நேரம் இல்லாதவர் எதற்காக க்யூ போடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் எங்கோ வேலை முடித்து வந்து, படுக்கப் போவதற்கு முன்னால் ஒரு டஞ்சனாவது முடிக்கலாம் என்று உட்கார்ந்தவராக இருப்பார். என்னால் அவருடைய இரவு கெட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் க்யூ பட்டனைத் தொடவே இல்லை. மணி எப்போது அடிக்கும் என்று எனக்கே தெரியாதபோது, முன்பின் தெரியாத மூன்று பேருடைய நேரத்துக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? மூலிகை பறித்தேன், மீன் பிடித்தேன், கதை நின்ற இடத்திலேயே நின்றேன்.

அப்புறம்தான் நீங்கள் கணினிக் கூட்டாளிகளைக் கொண்டுவந்தீர்கள். கேடயக்காரர் ஒருவர், வைத்தியர் ஒருவர், மந்திரக்காரி ஒருத்தி. கதையில் எங்களோடு வருகிற அதே ஆட்கள். முதல் நாளே மணி அடித்தது. நல்லவேளை, சண்டை நடுவில் அடிக்கவில்லை. இரண்டாவது பாஸுக்கு முன்னால் வரும் அந்த நீண்ட பாலத்தில் நின்றிருந்தோம். எழுந்து போனேன். திரும்பி வந்தபோது மூன்று பேரும் விட்ட இடத்திலேயே இருந்தார்கள். கேடயக்காரர் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். மந்திரக்காரி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். நான் ஓர் அடி எடுத்து வைத்ததும் அவர்களும் நடந்தார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கும் நஷ்டம் இல்லாமல், யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், நான் ஒரு டஞ்சனை முடித்திருந்தேன்.

இதைத்தான் இப்போது எடுக்கப் போகிறீர்கள்.

கணினிக் கூட்டாளிகள் வந்தால் மனிதர்கள் விலகிப் போவார்கள் என்ற பயம் உங்களுக்கு மட்டும் வந்த புதுப் பயம் இல்லை. இந்தத் துறையில் உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 11 என்ற ஆன்லைன் விளையாட்டு ஜப்பானில் 2002ல் வந்தது. ஆறு பேர் கொண்ட அணி இல்லாமல் அதில் லெவல் ஏறுவது குதிரைக்கொம்பு. எங்கள் கில்டில் (நாங்கள் சேர்ந்திருக்கும் விளையாட்டுக் குழுவில்) அதை அந்தக் காலத்திலேயே ஆடியவர் ஒருவர் இருக்கிறார். அந்த விளையாட்டில் வரும் ஜூனோ நகரத்தில் பார்ட்டி தேடுவதாகக் குறி போட்டுவிட்டுச் சாப்பிடப் போவாராம், குளிக்கப் போவாராம், வந்து பார்த்தால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்களாம். 2013 டிசம்பரில் 'டிரஸ்ட்' என்ற மந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். கதையில் வரும் பாத்திரங்களைக் கூப்பிட்டுப் பார்ட்டியை நிரப்பிக்கொள்ளலாம். அந்த விளையாட்டு இன்றும் ஓடுகிறது. பாதி வழியில் விட்டவர்கள் திரும்பி வந்து கதையை முடிக்க முடிகிறது, புதிதாக வருகிறவர் இன்று தொடங்கினாலும் போய்ச் சேர முடிகிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 14ஐயும் பாருங்கள். 2019ல் புதுக் கதைப் பகுதியோடு கணினிக் கூட்டாளிகள் வந்தார்கள். 2022 ஏப்ரலில் இருந்து, பழைய கதையில் வரும் நான்கு பேர் டஞ்சன்களையும் படிப்படியாக அதற்கு ஏற்றபடி மாற்றினார்கள். சில டஞ்சன்களின் அமைப்பையே திருத்தினார்கள். அதற்காக மனிதர்களின் க்யூவை அவர்கள் கைவிடவில்லை. பார்ட்டியில் முதல் தடவை வருகிறவர் ஒருவர் இருந்தால், கூட இருக்கும் எல்லோருக்கும் அங்கே கூடுதல் பரிசு உண்டு. முன்னால் நின்று அடி தாங்கும் டேங்கோ, மற்றவர்களின் உயிரைக் காக்கும் ஹீலரோ தட்டுப்பாடாக இருந்தால், அந்த வேலையில் வருகிறவருக்குத் தனியாகப் பரிசு உண்டு. மனிதர்களோடு போக ஆசை காட்டுகிறார்களே ஒழிய, தனியாகப் போகிறவரைத் தண்டிப்பதில்லை. நீங்களோ கொடுத்ததில் பாதியைப் பிடுங்குகிறீர்கள்.

எங்கள் கில்டு தலைவர் உங்கள் முடிவை ஆதரிக்கிறார். அவர் சொல்வதையும் நேர்மையாக இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் நல்ல மனிதர். புதிதாக வந்தவர்களுக்கு வழி காட்டியே தன் மாலை நேரத்தைச் செலவழிக்கிறவர். முன்பெல்லாம் ஊர்ச் சதுக்கத்தில் நின்றாலே பத்து பேர் பேச்சுக் கொடுப்பார்கள், இப்போது எல்லோரும் மூன்று பொம்மைகளோடு உள்ளே போய்விடுகிறார்கள், ஹீலருக்காக நாங்கள்தான் காத்துக் கிடக்கிறோம் என்கிறார். அவர் காத்துக் கிடப்பது உண்மை. ஆனால் அவர் தேடும் அந்த ஹீலர் எனக்குள் ஒளிந்திருக்கவில்லை. கணினிக் கூட்டாளிகள் வருவதற்கு முந்தைய மூன்று மாதம் நான் அவருடைய வரிசையிலா நின்றேன்? மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். இனியும் அதுதான் நடக்கும். இல்லையென்றால் சந்தாவை நிறுத்திவிட்டுச் சீக்கிரம் படுத்துக்கொள்வேன்.

இன்னொன்று. மனிதர்களோடு ஆடும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது இந்தப் 'பொம்மைகளிடமிருந்து' வந்தது.

போன வருடம் டேங்க் ஆடப் பழகினேன். டேங்க் என்றால் முன்னால் போகிறவர். வழி தெரிய வேண்டும். எத்தனை கூட்டத்தை ஒரே நேரத்தில் இழுக்கலாம் என்று கணக்குத் தெரிய வேண்டும். பாஸின் முகத்தை மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தத் தெரிய வேண்டும். தப்புச் செய்தால் மூன்று பேரும் செத்துப்போவார்கள், யாரால் என்பது மூன்று பேருக்கும் தெரியும். இதை மனிதர்கள் முன்னால் பழகுவதற்கு எனக்கு நெஞ்சுரம் இல்லை. கணினிக் கூட்டாளிகளோடு ஒரே டஞ்சனுக்கு 17 தடவை போனேன். முதல் நாலைந்து தடவை பாஸ் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே புரியவில்லை. பத்தாவது தடவை அதைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரையிலிருந்து கண்ணை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடிந்தது. கேடயத் திறனை எந்த நொடியில் போட வேண்டும் என்பது விரலுக்கே தெரிந்துவிட்டது.

பதினெட்டாவது தடவை மனிதர்களோடு போனேன். டேங்க் என்பதால் க்யூ இரண்டே நிமிடம். முதல் பாஸ் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதில் செத்துப்போனேன், என்னோடு எல்லோரும். காரணம் அப்போதே புரிந்துவிட்டது: 17 தடவையும் நான் தரையில் வரும் சிவப்பு வட்டத்தைப் பார்க்கவே இல்லை. மந்திரக்காரி எங்கே ஓடுகிறாளோ அங்கே ஓடியிருக்கிறேன். வட்டம் விழுவதற்கு முன்பே அவளுக்கு இடம் தெரியும். அன்று அவள் இல்லை. இது உங்கள் கணினிக் கூட்டாளிகளிடம் இருக்கும் நிஜமான குறை, இதை நீங்கள் திருத்த வேண்டும், கீழே மறுபடி சொல்கிறேன்.

செத்துக் கிடந்தபடியே 'சாரி, எனக்கு இது முதல் தடவை' என்று தட்டினேன். யாராவது வெளியேறிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் போகவில்லை. ஹீலராக இருந்தவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினார்: 'வைகையா? தமிழா?'

என் கேரக்டரின் பெயர் வைகை. மதுரை அம்மா பிறந்த ஊர், அதனால் வைத்தது. அவர் மலேசியாவில், ஈப்போ பக்கம் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் உடனே தூக்கம் வராதாம், அதனால் அந்த நேரத்தில் ஆடுகிறார். 'பரவால்ல தங்கச்சி, வட்டத்த மட்டும் பாரு, உசுர நான் பாத்துக்கறேன்' என்றார். இரண்டாவது முயற்சியில் முடித்தோம். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. அப்பாவுக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க, எத்தனை மணிக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், குதிகாலுக்குக் கீழே எப்படித் தலையணை கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். எந்தக் கணினிக் கூட்டாளியும் எனக்கு இதைத் தரப்போவதில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த 17 தடவை இல்லாமல் நான் அந்தப் பதினெட்டாவது தடவைக்குப் போயிருக்கவே மாட்டேன், அக்காவைச் சந்தித்திருக்கவும் மாட்டேன்.

இப்போது உங்கள் விளையாட்டின் உண்மையான கோளாறுக்கு வருகிறேன். அக்காவும் நானும் வாரத்தில் மூன்று நாள் ஒரே நேரத்தில் இருக்கிறோம். நான் டேங்க், அவர் ஹீலர். மீதி இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஆள் இல்லை. கணினிக் கூட்டாளிகளைக் கூப்பிடலாம் என்றால், உங்கள் விதிப்படி அவர்களோடு ஒரே ஒரு மனிதர்தான் போகலாம். ஆக, பக்கத்தில் பக்கத்தில் நின்று குரலில் பேசிக்கொண்டே, அவர் தனியாக மூன்று கணினிகளோடு ஒரு வாசலில் நுழைகிறார். நான் தனியாக இன்னும் மூன்று கணினிகளோடு அதே வாசலில் நுழைகிறேன். மனிதர்கள் சேர்ந்து ஆட வேண்டும் என்று சொல்லும் நீங்கள், சேர்ந்து ஆடத் தயாராக இருக்கும் இரண்டு பேரை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். கில்டு வார்ஸ் 2005ல் வந்தபோதே, ஊரில் கூலிக்கு ஆள் சேர்ப்பதுபோலக் கணினி வீரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 2006ல் நைட்ஃபால் வந்தபோது, திறன்களையும் ஆயுதங்களையும் நாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கக்கூடிய 'ஹீரோ'க்கள் வந்தார்கள். ஒருவருக்கு மூன்று ஹீரோக்கள் என்று வரம்பு. பெரிய அணி எட்டுப் பேர். இரண்டு நண்பர்கள் சேர்ந்தால், ஆளுக்கு மூன்று ஹீரோவைக் கூட்டிக்கொண்டு எட்டும் நிறைந்துவிடும். 2011ல் அந்த வரம்பை ஏழாக உயர்த்தினார்கள். அப்போது விளையாட்டுக்கு வயது ஆறு, எட்டுப் பேரைத் திரட்டுவது கஷ்டமாகியிருந்த காலம். 20 வருடம் தாண்டியும் அதன் சர்வர்கள் ஓடுகின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2024 ஜனவரியில் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து பேர் டஞ்சனுக்கு ஒருவர் போனாலும் சரி, நான்கு பேர் போனாலும் சரி, மீதி இடத்தைக் கணினி நிரப்பும். வழி தெரியாதவர் கணினி டேங்கையே முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போகலாம்.

கணினியா மனிதரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவர்கள் ஆடுபவர்களைக் கேட்கவில்லை. மனிதர் வந்த இடத்தில் மனிதர், காலியாக இருக்கும் இடத்தில் கணினி. எங்களுக்கு அது போதும்.

ஆகவே நான் கேட்பது இவை.

அடுத்த அப்டேட் வருவதற்கு முன், ஐந்து புது டஞ்சன்களில் கணினிக் கூட்டாளிகளுக்குப் போட்ட தடையை நீக்குங்கள். ஐந்தும் முடியாது என்றால், கதை நகர்வதற்குக் கட்டாயம் முடிக்க வேண்டிய மூன்றிலாவது நீக்குங்கள். கதைக்கு வெளியே இருக்கும் கடினமான சண்டைகளை மனிதர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பாதிப் பரிசு என்ற விதியைத் திரும்பப் பெறுங்கள். மனிதர்களோடு போகிறவர்களுக்கு, அதிலும் புதியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு முடிக்கிறவர்களுக்கு, மேலே கூட்டிக் கொடுங்கள். எங்கள் கில்டு தலைவரைப் போன்றவர்கள் இத்தனை நாள் சும்மாவே செய்த வேலை அது.

இரண்டு பேரோ மூன்று பேரோ சேர்ந்து வந்தால், மீதி இடத்தைக் கணினியால் நிரப்ப அனுமதியுங்கள். நான் கேட்பவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மனிதர்களின் பார்ட்டியில் ஒருவர் நடுவில் எழுந்து போக நேர்ந்தால், அந்த நிமிடமே ஒரு கணினிக் கூட்டாளி அவருடைய இடத்தில் வந்து நிற்கட்டும். மற்ற மூன்று பேரின் ஆட்டம் கெடாது, எழுந்து போனவருக்கு யாரும் வசைச் செய்தி அனுப்ப வேண்டியும் வராது. அரை மணி நேரத் தடை திரும்பத் திரும்ப அப்படிச் செய்கிறவருக்கு இருக்கட்டும். வாரத்தில் ஒரு தடவையாவது தடை இல்லாமல் போக வழி வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகள் உண்டு, நோயாளி இருக்கும் வீடுகள் உண்டு. ஆடி மாதக் காற்றில் கரண்ட் போகும் வீடுகளும் உண்டு.

கணினிக் கூட்டாளிகள் ஆபத்தை முன்கூட்டியே அறிந்து ஓடுவதைக் குறையுங்கள். தரையில் குறி விழுந்த பிறகு அவர்கள் நகரட்டும், ஏன் நகர்ந்தோம் என்று ஒரு வரி பேசட்டும். அவர்கள் பின்னாலேயே ஓடிப் பழகியவர்கள் மனிதர்களிடம் போகும்போது என்னைப் போலத் தடுமாறாமல் இருப்பார்கள்.

கடைசியாக, உங்களிடம் கணக்கு இருக்கிறது. இந்திய நேரம் இரவு 11 முதல் 1 வரை ஆசியச் சர்வரில் ஒவ்வொரு வேலைக்கும் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, கணினிக் கூட்டாளிகள் வந்த பிறகு அது கூடியதா குறைந்ததா என்பதை வெளியிடுங்கள். கணினியால்தான் வரிசை நீண்டது என்று அந்தக் கணக்குக் காட்டினால், இந்த மடலில் நான் எழுதியது தவறு என்று இதே இடத்தில் எழுதுகிறேன். கணக்கைக் காட்டாமல் தடையை மட்டும் போடாதீர்கள்.

என் சந்தா இந்த மாதம் 28ம் தேதி முடிகிறது. அக்காவுடையது அதற்கு இரண்டு நாள் கழித்து. அதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

வைகை,
திருச்சியிலிருந்து